போலந்து மன்னர்களை மலையேற்றியவருக்கு

"மேடையில படிக்கற மடலுங்க சார் இது. நீங்க மனசுல இருக்கறதைக் கொட்டறதுக்கு..."

"கொட்டறேன்னு யாரு டீச்சர் சொன்னா? ஒரே ஒரு வரி. கடைசியில, ஓரமா..."

"ஓரமா போட்டாலும் சத்தமாத்தானே படிக்கோணும்? ஒப்பமாட்டேன்."

"அப்பன்னா அந்த வரி இல்லாத மடலுக்கு நானும் ஒப்பமாட்டேன். எழுதிக்குங்க."

பெருமதிப்பிற்குரிய வரலாற்று ஆசான் சாதிக் பாஷா அவர்களே, தங்களுக்கான இந்தப் பாராட்டு மடல் இப்படித்தான் தொடங்கியது. சென்ற செவ்வாய்க்கிழமை நண்பகல் இடைவேளையில், கணக்காசிரியை கலாவும் தமிழாசிரியர் சின்னராஜும் ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேச்சைப் போட்டு மூடிக்கொண்டிருந்தபோது, தங்கள் நாற்காலி மட்டும் வெறுமையாக இருந்தது. ஓய்வூதியத் தாள்களில் கையொப்பமிடத் தாங்கள் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கியிருந்தீர்கள்.

இப்பள்ளியில் விடைபெறுவோர்க்கெல்லாம் மடல் எழுதியவர் சின்னராஜ். இம்முறையும் முகப்பை அவரே எழுதினார். அதற்கு மட்டும் அனைவரும் ஒப்பினார்கள். அது வருமாறு:

முப்பத்து நான்கு ஆண்டுகள் மூடுபனியும் முழுமழையும் பாராது முதல் மணிக்கு முன்னரே வகுப்பறை வாயிலில் நின்ற முன்னவரே, காலத்தின் கதவைக் கரும்பலகையில் திறந்து காட்டிய கலைஞரே, வென்றவரையும் வீழ்ந்தவரையும் ஒரே தராசில் வைத்து நிறுத்த நடுவரே, கடலுக்கப்பால் பனியில் கிடந்த பெருமன்னர்களைக் காபித் தோட்டங்களின் நடுவே குடியமர்த்திய கொற்றவரே, வாழிய தாங்கள்.

இதற்குப் பிறகு சின்னராஜின் பேனா ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதைச் சொல்லாமல் தங்களைப் பாராட்டவும் இயலவில்லை.

தாங்கள் பணியேற்ற முதல் ஆண்டிலேயே ஐரோப்பிய வரலாற்றுப் பாடத்தில் போலந்துப் பிரிவினை வந்தது. பாடநூலில் அதற்குப் பதினொரு வரிகள். மூன்று வல்லரசுகள் ஒரு நாட்டைப் பங்கிட்டுக்கொண்டன என்று தாங்கள் சொல்லி முடித்ததும், பக்கத்து வாழவந்தி ஊரிலிருந்து வந்து படித்த ஒரு மாணவி எழுந்தாள்.

"ஏனுங்க சார், அந்த நாட்டுக்கு ராசா இல்லீங்களா?"

"இருந்தாரு கண்ணு."

"அப்பறம் அவரு எங்கீங்க போனாரு?"

தாங்கள் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தீர்கள். "தெரியல சாமி. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்" என்றீர்கள். தெரியாது என்று சொன்ன வாத்தியாரை இந்த மலை அன்றுதான் பார்த்தது. விடை வரச் சில ஆண்டுகள் ஆயின. ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தவர்கள் பழைய நூல்களை எடைக்குப் போட்டபோது, இரண்டு சாக்கு நிறையத் தாங்கள் எடுத்து வந்தீர்கள்.

"பாய், மொளகு மூட்டைக்கு லக்கேஜ் போடோணுமுங்க" என்றார் பஸ் கண்டக்டர்.

"மொளகு இல்லீங்க. ராசாக்கள்."

"ராசாக்கள்னா டிக்கெட்டே போடோணும். எத்தனை பேருங்க?"

"எண்ணிட்டுச் சொல்றேன்" என்றீர்கள். எண்ணினீர்கள். பியாஸ்த் குலத்தார், யாகெல்லோன் குலத்தார், பிறகு வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்னர்கள் என்று, வகுப்பறையின் பின்சுவர் முழுவதும் தங்கள் கையால் ஒரு வமிசக் கொடி படர்ந்தது. சட்டப்படியான மகனின்றி மறைந்த காசிமிரோடு பியாஸ்த் குலத்தின் அரசகிளை முடிவதும், பத்து வயதுச் சிறுமி யாத்விகாவுக்கு, ஆளும் அரசி என்றொரு சொல் சட்டத்தில் இல்லாததால், 'அரசன்' என்றே முடிசூட்டியதும், பன்னிரண்டு வயதில் அவளை லித்துவேனியாவின் யோகைலாவுக்கு மணமுடித்து பின்னர் அவர் வழியில் யாகெல்லோன் குலம் கிளைத்ததும், மழைக்காலத்துப் பிற்பகல்களில் இந்தக் கட்டடத்தில் ஒலித்தன.

"அந்தப் புள்ளையை யாராச்சும் கேட்டாங்களாங்க சார், இந்த மாப்பிள்ளை புடிச்சிருக்குதான்னு?"

"கேக்கலை கண்ணு. அதான் நாம இன்னிக்கிக் கேக்கறோம்."

சின்னராஜ் அப்போதெல்லாம் தங்கள் வகுப்பறை வராந்தாவில் வந்து நிற்பார். வாழவந்தியில் தினையும் காபியும் போட்ட குடும்பத்தவர். தங்களுக்கு மூன்றாண்டு இளையவர். வாய்த்துடுக்குக்குப் பெயர் போனவர்.

"நம்ம ஊர்ல ராசாவுக்கா பஞ்சம் பாய்? எங்கியோ பனியில கெடந்தவங்களைத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரியறீங்க."

"நம்ம ராசாக்களைப் பாடறதுக்கு நீங்க இருக்கறீங்க. அவங்களுக்கு இந்த மலையில வேற ஆள் இல்லீங்களே."

அந்தப் பதிலுக்குப் பின் சின்னராஜ் தங்களை விடவில்லை. தாங்கள் கதை சொல்ல, அவர் வசனம் எழுத, தங்கள் துணைவியார் ஜரீனா திரைச்சீலைத் துணியில் அரச உடை தைக்க, ஆண்டுதோறும் ஒரு நாடகம் மேடையேறிற்று. காபிப் பொடி டப்பாவை வெட்டிக் கிரீடம் செய்தவரும் ஜரீனாதான். "தம்பி, உங்க ராசாவுக்குத் தலை நொம்பப் பெருசு, டப்பா பத்தலை" என்று அவர் சின்னராஜிடம் சொன்னது இன்றும் ஆசிரியர் அறையில் சொல்லப்படுகிறது. சின்னராஜ் அவரை 'அக்கா' என்பார்; நோன்பு மாதத்தில் ஒரு தூக்குக் கஞ்சி தவறாமல் சின்னராஜ் வீட்டுக்குப் போகும்.

தங்களின் தனிச்சிறப்பென்று இப்பள்ளி போற்றுவது ஒப்புதல் விதியை. போலந்துப் பேரவையில் ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து 'ஒப்பமாட்டேன்' என்றால் போதும். தீர்மானம் மட்டுமன்று, அந்தக் கூட்டமே கலைந்துபோகும். அந்த விதிதான் அந்த நாட்டைக் கெடுத்தது என்று நூல்கள் கூறின. தாங்கள் அப்படி நினைக்கவில்லை. "விதி கெட்டதில்லீங்க. அதைக் காசுக்கு வித்தாங்க பாருங்க, அதான் கெட்டது. நாம பன்னெண்டு பேரு. நம்மள்ல யாரு விக்கப் போறோம்?" என்று ஆசிரியர் கூட்டத்தில் வாதாடி, அதை இங்கே நட்டீர்கள். பள்ளியின் எந்த முடிவானாலும் அனைவரும் ஒப்ப வேண்டும். ஒருவர் மறுத்தால் அவரை மூன்று முறை கேட்க வேண்டும். மூன்றாம் முறையும் மறுத்தால் பழைய ஏற்பாடே நிற்கும்.

முதலில் அதைப் பயன்படுத்தியவர் வகுப்பறைகளையும் பெருக்கும் அலுவலக உதவியாளர் பாவாயி. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா நாளன்று சிறப்பு வகுப்பு வைக்கப் பதினொரு பேர் ஒப்பினார்கள்.

"நான் ஒப்புலீங்க" என்றார் பாவாயி.

"ஏன் பாவாயக்கா?"

"அன்னிக்கி மலை பூராவும் மேலே போயிருக்கும். நீங்க செவுத்துக்குத்தான் பாடம் நடத்தோணும்."

மூன்று முறை கேட்டும் அவர் மாறவில்லை. வகுப்பு நடக்கவில்லை. பெருக்குகிறவர் சொல்லும் தலைமையாசிரியர் சொல்லும் ஒரே எடை என்று அன்று கண்டோம். அந்தப் பெருமை தங்களுடையது.

இனிச் சொல்ல வேண்டியது மூன்றாண்டுகளுக்கு முந்தியது. தாங்கள் அறிந்ததே, ஆயினும் சின்னராஜின் பக்கத்திலிருந்து அது ஒருநாளும் சொல்லப்பட்டதில்லை.

அந்த ஆண்டு நாடகம் யாகெல்லோன் குலத்தின் கடைசி மன்னர் சிகிஸ்முண்ட் அகஸ்டஸைப் பற்றியது. பார்பரா என்பவளை அவர் மறைவாக மணந்தார். தாய் ஏற்கவில்லை. பேரவையினர் மண்டியிட்டு அவளைக் கைவிடும்படி மன்றாடினர். அவர் விடவில்லை. போராடி அவளுக்கு முடிசூட்டினார். ஐந்தே மாதத்தில் அவள் நோயில் மறைந்தாள். தன்னை வேண்டாமென்ற கிராக்கோவ் நகரில் கிடக்க அவள் விரும்பவில்லை. சவப்பெட்டியை அவளுடைய வில்னா நகருக்கு மன்னரே கொண்டு சென்றார். வழியில் ஊர்கள் வந்தபோதெல்லாம் குதிரையிலிருந்து இறங்கிப் பெட்டியின் பின்னால் நடந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாடகம் சனிக்கிழமை. வியாழனன்று தாங்கள் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்தீர்கள். ஜரீனா சேலத்தில் மருத்துவமனையில் இருந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

"நாடகத்தை அடுத்த வாரத்துக்கு மாத்தலாங்களா? நான் இல்லாம முடியும்னா நடத்திருங்க. முடியாதுன்னா மாத்துங்க."

தாங்களில்லாமல் முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். பதினொரு பேர் மாற்ற ஒப்பினர்.

"நான் ஒப்பலை பாய்" என்றார் சின்னராஜ்.

அவர் அன்று நினைத்ததை அவரே பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒரு மாதம் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருந்தனர். அடுத்த வாரம் தேர்வு. மாற்றினால் நாடகமே போய்விடும். முந்திய நாள்தான் ஜரீனா அவருக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: "நான் நல்லாத்தான் இருக்கறேன் தம்பி. அவரு இங்க வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம். நாடகத்தை நல்லா போடுங்க." அந்தக் குரலை அவர் நம்பினார். தம் வசனங்களின் மேல் அவருக்கிருந்த ஆசையும் அதில் ஒரு பங்கு என்பதை அவர் இப்போது மறைக்கவில்லை.

தலைமையாசிரியர் ஆண்டனி ராஜ் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சின்னராஜ் மறுத்தார்.

"ஏனுங்க சார், பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருக்கறாங்க, இதுக்குக்கூடவா விதி?" என்று கலா கேட்டார்.

தாங்கள்தான் அவரை அமர்த்தினீர்கள். "விடுங்க டீச்சர். எனக்குப் புடிச்சப்ப விதி, புடிக்காதப்ப இல்லைன்னா அது விதியே இல்லீங்க. சனிக்கிழமை நடக்கட்டும். ஞாயித்துக்கிழமை போய்க்கறேன்."

சனிக்கிழமை மாலை, மன்னர் பெட்டியின் பின்னால் நடக்கும் காட்சியில், மன்னராக நடித்த மாணவருக்கு வசனம் மறந்தது. திரைக்குப் பின்னிருந்து தாங்கள் எடுத்துக் கொடுத்தீர்கள். அவையில் அழாதவர் இல்லை. தங்கள் கைப்பேசி அலுவலக மேசைக்குள் ஒலி அடக்கிக் கிடந்தது. மகள் ஷிரின் ஒன்பது முறை அழைத்திருந்தார். தாங்கள் திரும்ப அழைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மழையில் மரம் விழுந்து பெரிய சாலை அடைபட்டிருந்ததால், குப்பனூர் வழியே இறங்க ஜீப் வந்து நின்றது. சின்னராஜ் ஓடிவந்து கதவைத் திறந்து, பக்கத்தில் ஏறக் கால் வைத்தார்.

"நீங்க வர வேண்டாமுங்க" என்றீர்கள்.

சத்தமாகச் சொல்லவில்லை. சின்னராஜ் காலை எடுத்துக்கொண்டார். மறுநாள் அடக்கத்துக்குப் பள்ளியே சேலம் சென்றது. சின்னராஜ் மட்டும் செல்லவில்லை. வேண்டாம் என்ற சொல் ஜீப்புக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று அவருக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை.

அதன்பின் மூன்று ஆண்டுகள். ஆசிரியர் அறையில் இருவருக்கும் நடுவே நான்கு நாற்காலிகள். வருகைப் பதிவேட்டை ஒருவர் தள்ள, ஒருவர் வாங்கிக் கையெழுத்திடுவீர்கள். தாங்கள் ஒருநாளும் அவரைக் குறை சொன்னதில்லை, யாரிடமும். அதுவே அவருக்குப் பாரமாயிற்று.

"திட்டியிருந்தாருன்னா வாங்கிக்கிட்டு ஒரு ஓரமா அழுதிருப்பேன் டீச்சர். கும்பிடு போட்டா கும்பிடு போடறாரு. அதுக்கு மேல ஒண்ணுமில்லை" என்று கலாவிடம் ஒருமுறை சொன்னார்.

அவ்வாண்டே ஆண்டனி ராஜ் ஒப்புதல் விதியை எடுத்துவிடலாம் என்றார். எல்லோரும் தலையசைத்தனர். சின்னராஜ் எல்லோருக்கும் முன்பாகக் கையைத் தூக்கி ஒப்பினார்.

"நான் ஒப்பலை" என்றீர்கள் தாங்கள். மூன்று முறை. காரணம் சொல்லவில்லை. அது சின்னராஜுக்கான தண்டனையா, அல்லது அவர் செய்தது விதிப்படி சரி என்று காட்டும் பெருந்தன்மையா என்று அவர் இன்றுவரை திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சில மாதம் கழித்து வகுப்பில் தாங்கள் பாடம் நடத்தியபோது, அவர் வராந்தாவில் தூணுக்கு அப்பால் நின்றிருந்தார். போலந்துக்காரர்களே அந்த விதியை நீக்கிவிட்டார்கள், ஆனால் நீக்கிய நான்கே ஆண்டில் நாடு வரைபடத்திலிருந்து மறைந்தது, கடைசி மன்னர் முடியைத் துறந்து அயலார் நகரில் கண்மூடினார் என்றீர்கள்.

"அப்பறம் எதுக்குங்க சார் நம்ம ஸ்கூல்ல மட்டும் இன்னும் வெச்சிருக்கறீங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

தாங்கள் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தீர்கள். பிறகு, "எனக்கு ஒத்துக்கத் தைரியம் வரலை கண்ணு" என்றீர்கள். எதை ஒத்துக்கொள்ள என்று அவள் கேட்கவில்லை. தூணருகே நின்றவரும் கேட்கவில்லை.

இப்போது தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். சனிக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு சேலத்துக்கே போகிறீர்கள் என்று தெரிந்தது. ஆகவேதான் செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் அந்தச் சண்டை ஓயவில்லை. மடலுக்கும் விதி உண்டு. ஒருவர் மறுத்தாலும் படிக்க இயலாது.

"மூணு வருசம் அந்த மனுசன் எங்க முன்னால அழுததில்லைங்க சார்" என்றார் கலா. "பிள்ளைங்க முன்னால, ஷிரின் முன்னால, மைக் வெச்சு அழ வெக்கோணுமா? தனியா போய்ச் சொல்லுங்களே."

"தனியா போனேனே. போன மாசம் ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே வெளிச்சம் தெரியுது. கதவைத் தட்டக் கை வரலை. வேண்டாமுன்னு சொன்ன வாயி மறுபடியும் வேண்டாமுன்னு சொல்லிருச்சுன்னா..."

"மேடையில மட்டும் சொல்லமாட்டாரா?"

"மேடையில பதில் சொல்ல வேண்டியதில்லையே டீச்சர். கேட்டுக்கிட்டாப் போதும்."

"தமிழ் வாத்தியாருங்க நீங்க. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கறீங்க, உங்களுக்கு ஒரு வாக்கியம் எழுத மத்தவங்க வேணுமாக்கும்" என்றார் கலா. கோபத்தில் தொடங்கிய அந்தப் பேச்சு, முடிகையில் கோபமாக இல்லை.

தேநீர்த் தட்டோடு நின்ற பாவாயி அப்போது குறுக்கே வந்தார். "ரெண்டு பேரும் ஒப்பாம ஒப்பாம, அவரு வெறுங்கையோட எறங்கிப் போயிருவாருங்க. என்ன பேசினீங்களோ அதைப் பேசினபடியே எழுதிப் போடுங்க. பாராட்டும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும்."

"அவரு ஒடைஞ்சு போயிட்டாருன்னா அக்கா?"

"ஒடையட்டுமே டீச்சர். ஒழுங்காத்தான் இருக்கறேன்னு அவரு உக்காந்திருக்கறதைப் பாக்கறதுக்குத்தான் எனக்கு முடியலை."

கலா சில நிபந்தனைகள் வைத்தார். மடலைச் சின்னராஜ் படிக்கக்கூடாது, தாமே படிப்பார். படித்து முடித்ததும் யாரும் கைதட்டக்கூடாது, யாரும் தங்களிடம் பதில் கேட்கக்கூடாது. மடலை மடித்துக் கொடுத்துவிட்டு எல்லோரும் தேநீருக்குப் போய்விட வேண்டும். ஆண்டனி ராஜ் உறுதிக்காக மூன்று முறை கேட்டார். ஒருவரும் மறுக்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போடுகிறவர் மட்டும், "ஏனுங்க, இத்தனை எழுத்துக்குச் சட்டம் கதவு அளவுக்கு வேணுமே" என்றார். பெரிதாகவே போடச் சொல்லியிருக்கிறோம்.

அன்பின் ஆழமும் அறிவின் அகலமும் ஒருங்கே அமைந்த ஆசானே, பிள்ளைகளைப் 'பதில் தெரியாது' என்று சொல்லவும் பழக்கிய பெரியவரே, தம் விதிக்குத் தாமே முதலில் தலைவணங்கி அதற்கு உரிய விலையினும் மிகுதியாகக் கொடுத்தவரே, பின்சுவரில் தாங்கள் வரைந்த மன்னர்கள் இனியும் அங்கேயே இருப்பார்கள். சுண்ணாம்பு அடிக்க வருவோரிடம் அந்தச் சுவரை விட்டுவிடச் சொல்ல எல்லோரும் ஒப்பியுள்ளோம். மகள் ஷிரினும் அவர் மக்களும் சூழ, கண்ணொளி குன்றாது, கால் தளராது, உறக்கம் இனிதாக, உண்பது செரித்து, நூறாண்டுக்கு மேலும் தாங்கள் நலமோடு வாழ வேண்டும். மூடுபனி இறங்கும் நாளில் எங்களை நினைத்தால், மலைக்கு வரும் எந்தப் பஸ்ஸிலும் ஏறிவிடுங்கள். தங்கள் நாற்காலியில் வேறெவரும் அமரப் பாவாயி ஒப்பமாட்டார்.

நிறைந்த நெஞ்சோடும் நீங்காத நன்றியோடும்,
தங்கள் பள்ளியின் தலைமையாசிரியர், ஆசிரியப் பெருமக்கள், அலுவலகத்தார், சமையலறையார்.
ஏற்காடு.

கையொப்பங்களுக்குக் கீழே, எல்லோரும் ஒப்பியபடி, ஆசிரியர் சின்னராஜ் கேட்டது, அவர் கேட்ட சொற்களிலேயே:

"பாய், அக்காவை வெச்சிருக்கற எடத்துக்கு நான் ஒருக்கா வரலாங்களா?"